நாற்பத்தொரு நிமிட வீடியோ

9 ஜனவரி 2013, புதன்

இன்றும் ஓஸ் குழாய் அறுந்து கிடக்கிறது. ஊற்றுத் தண்ணீர் வழியிலேயே கொட்டி, என் பூண்டுப் பாத்தி வெடித்துப்போய் இருக்கிறது. மேல் தோட்டத்தில் அழகுமலை பாத்தி மட்டும் ஈரமாக மினுங்குகிறது. கூடப் பிறந்த அண்ணன் என்று இத்தனை நாள் பொறுத்தேன். அந்த அழகுமலையின் கையை ஒடிக்கவில்லை என்றால் நான் வேல்ராஜ் இல்லை.

புது டச் போனில் அறுந்த இடத்தைப் பதினைந்து படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் காட்ட வேண்டும்.

12 ஜனவரி

போனில் இடம் இல்லையாம். நாயுடுபுரத்தில் போன் கடை ஆனந்த் சொல்லிக்கொடுத்தான். படத்தை அழுத்திப் பிடித்தால் டிக் விழும், வேண்டாததற்கெல்லாம் டிக் போட்டு ஒரே தட்டில் அழிக்கலாம். மகள் தாரணி பள்ளிக்கூடத்தில் ஆடியது அறுபத்திரண்டு படம். அழித்தேன். ஓஸ் படம் ஒன்றையும் தொடவில்லை.

மகாதேவி பார்த்துவிட்டாள். "ஏங்க, பெத்த பிள்ளை படத்தை அழிச்சுட்டு இந்த ஓஸை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். ஓங்கி ஒன்று வைத்தேன். உதடு கிழிந்துவிட்டது. அடித்திருக்கக் கூடாதுதான். வாயை அடக்கியிருக்கலாம் அவளும்.

15 ஜனவரி

அண்ணன் வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. நாய்க்கு வைத்தேன்.

19 ஜனவரி, சனி

எழுதினால்தான் தூங்க முடியும்.

வெள்ளனே போய்ப் போனைக் கல்கட்டு இடுக்கில் செருகி, வீடியோவை ஓடவிட்டு, கீழே வீட்டுக்கு வந்துவிட்டேன். நன்றாக விடிந்த பிறகு மண்வெட்டியோடு திரும்பிப் போனால், அவன் என் ஓஸ் மேல் குனிந்திருக்கிறான். கையில் கத்தி. அகப்பட்டான்!

"ஏலே அறுதலி மகனே!" என்று கத்தினேன். எங்கள் இருவருக்கும் ஒரே அம்மா. அது அப்போது தோன்றவில்லை. அவன் திரும்பினான். முதல் வெட்டு தோளில். விழுந்தான். இரண்டாவதுக்குத் தலையைக் கையால் மூடினான். வலது கையில் இரண்டு விரல் பூண்டுத் தாளுக்குள் போய் விழுந்தது. தாள் முழுக்க ரத்தம். மூன்றாவதும் ஓங்கினேன். மகாதேவிதான் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணனை மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

20 ஜனவரி

ஸ்டேஷனில் வீடியோவைக் காட்டினேன். மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். விரலால் கடைசிக்குத் தள்ளி, அவன் கத்தியோடு திரும்புகிற இடத்தை மட்டும் ஓட்டினேன்.

"கத்தியோடதான் திரும்புறான். நீ உசுரக் காப்பாத்திக்க வெட்டுன, அப்படித்தானே?" என்றார் எஸ்.ஐ.

"ஆமாங்கய்யா."

"செவ்வாக்கெழமை போனைக் கொண்டாந்து ஒப்படை. அவன் ஆஸ்பத்திரில இருந்து நேரா ஜெயிலுக்குத்தான் போவான்."

வரும் வழியில் சிரித்தேன். இதையும் எழுதிவைக்கிறேன்.

21 ஜனவரி

வீட்டுக்குள் நுழைந்ததும் மகாதேவி போனை நீட்டினாள். அழுது கண் வீங்கியிருந்தது. "மொதல்ல இருந்து பாத்தீங்களா?"

பார்த்தேன். முதலில் ஒரே இருட்டு. ஒன்பதாவது நிமிடம் வெளுக்கிறது. பதினான்கில் இரண்டு காட்டுமாடு இறங்கி வருகிறது. ஒன்றின் கால் ஓஸில் சிக்குகிறது. உதறுகிறது. ஓஸ் பிய்ந்து தண்ணீர் பீச்சுகிறது. காட்டுமாடு!

முப்பத்திரண்டில் அண்ணன் வருகிறார். மடியிலிருந்து சைக்கிள் டியூப்பை எடுத்து, கத்தியால் நாடா நாடாவாகக் கிழித்து, என் ஓஸை இழுத்துக் கட்டுகிறார். போன் பக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. தனக்குத்தானே பேசிக்கொள்கிறார்: "இதையும் நான்தான் அறுத்தேம்பான், கிறுக்குப்பய."

கட்டி முடித்துவிட்டு என் வீட்டுப் பக்கம் பார்த்துக் கூப்பிடுகிறார்: "ஏலே வேலு, தண்ணி வருதா பாருடா!"

மீதி நாடாவை அறுக்க மறுபடி குனிகிறார். பிறகு நான் வருகிறேன்.

பழைய பதினைந்து படத்தையும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அறுந்த இடத்துக்குப் பக்கத்தில் குளம்புத் தடம். என் கண்ணில் என்ன மண்ணா விழுந்து கிடந்தது? அடப் பாவி. அடப் பாவி நான்.

22 ஜனவரி, செவ்வாய்

ஸ்டேஷனுக்குப் போகும் முன் ஆனந்த் கடையில் இறங்கினேன். "ஒரு வீடியோவில் முன்பக்கத்தை மட்டும் வெட்டித் தூக்க முடியுமா?" என்று கேட்டேன். வெட்கக்கேடு, கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல போட்டா அஞ்சு நிமிசம்ணே. என்ன வீடியோ?"

மெமரி கார்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தும்விட்டேன். அவன் சொருகினான். சின்னக் கட்டத்தில் அண்ணன் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார். ஐந்து விரலும் இருந்தது.

பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலில் மகாதேவி நின்றாள். "பிள்ளையப் பாத்துக்க" என்றேன். ஸ்டேஷனில், "அய்யா, மொதல்ல இருந்து பாருங்க" என்று போனைக் கொடுக்கப் போகிறேன். இதைப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எழுதுகிறேன்.

17 பிப்ரவரி

ஜாமீனில் வந்தேன். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தாரணி என்னைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குள் போய்விட்டாள். பூண்டு சாகவில்லை. ஒரு மாதமாக ஓஸில் தண்ணீர் வந்திருக்கிறது. அண்ணன் போட்ட கட்டு அப்படியே இருக்கிறது.

3 மார்ச், ஞாயிறு

அண்ணன் நேற்றுத்தான் ஊருக்கு வந்தாராம். இன்று காலை தோட்டத்துக்கு இறங்கி வந்தார். வலது கையில் இன்னும் துணி சுற்றியிருந்தது. நான் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். "அண்ணே" என்று எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஓஸில் தான் போட்ட கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது கையால் கத்தியை எடுத்தார். பழக்கமில்லாத கை, இரண்டு மூன்று தடவை வழுக்கியது. ஓஸைக் காலால் மிதித்துக்கொண்டு அறுத்தார். தண்ணீர் அவர் முகத்திலும் துணியிலும் அடித்தது. அறுந்த நுனியைத் தூக்கி எனக்குக் காட்டினார்.

"இப்ப எடுடா வீடியோ" என்றார்.

போன் கோர்ட்டில் இருக்கிறது. அவர் ஏறிப் போய்விட்டார். பூண்டுக்கு இன்று தண்ணீர் இல்லை.