சிரிப்புக்காக விட்ட இடம்

இன்று கடையில் பெப்பர்மின்ட் பெட்டி ஒன்றை உடைத்து அடுக்கினேன். அந்த வாசனையில் உங்கள் பழைய கோட்டின் நினைவு வந்தது. பிளேஸ்டோவில் மாமாவின் கடைக்குப் பெப்பர்மின்ட் வாங்க மட்டுமே வருவீர்கள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டுக் கவுண்டரில் தலைகுனிந்து நின்ற என்னிடம், "நீ சிரிக்கவே மாட்டாயா? என் கடைசிக் காலத்து ரசிகர்கள் எல்லாரும் உன்னைப் போலத்தான்" என்றீர்கள். அதற்கும் நான் சிரிக்கவில்லை. மறுநாளும் வந்தீர்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னீர்கள். வானொலியில் நீங்கள் பகிடி சொல்லும் நேரம் பப்புகளில் பியர் ஊற்றுவதைக்கூட நிறுத்திவிடுவார்களாம். பிறகு தொலைக்காட்சி வந்தது. அங்கே உங்கள் முகம் எடுபட்டது சில வருடங்கள்தான். அதன்பின் கடற்கரை ஊர்களில் கோடைக்கால மேடைகள். அதற்கும் பின், வேறொருவருடைய நிகழ்ச்சி தொடங்குமுன் கூட்டத்தைச் சிரிக்கவைத்துத் தயார்செய்துவிட்டு இறங்கிப்போகும் வேலை. உங்கள் நிகழ்ச்சிகள் பதிந்திருந்த நாடாக்களை அழித்து, அவற்றில் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். எஞ்சியது ஒன்றே ஒன்று: ஆளில்லாத அரங்கில் செய்த ஓர் ஒத்திகை. ஒவ்வொரு பகிடிக்குப் பிறகும் சனம் சிரிப்பதற்காக நீங்கள் பேசாமல் நிறுத்திய இடங்கள் அதில் அப்படியே இருந்தன.

"என் இறுதிச் சடங்கில் அதைத்தான் போடுவார்கள். அந்த இடங்களைச் சும்மா விட்டுவிடாதே. யாராவது சிரிக்கவேண்டும்" என்றீர்கள். உங்கள் முகத்தில் விளையாட்டு இல்லை. நான் தலையாட்டினேன்.

தகனச் சாலையில் உங்கள் தங்கையின் மகளும் அவரது கணவரும், நானும், வெள்ளைச் சேலையில் அம்மாவும்தான். அந்த ஒத்திகைப் பதிவில் உங்கள் குரல் வந்தது. முதல் பகிடி முடிந்து நிறுத்தினீர்கள். சிரிக்க வாய் திறந்தேன்; சிரிப்பு வரவில்லை. எங்கோ ஒரு ஹீட்டர் இரைந்தது. காத்திருந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தீர்கள்.

இரண்டாவது இடத்தில் சிரித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

"விசரே உனக்கு? செத்தவீட்டில பல்லைக் காட்டுறாய்!"

"அவர்தானம்மா கேட்டவர். ஆரும் சிரிக்காட்டி அவருக்குத் தாங்க ஏலாது."

"அதுக்கு நீயே? கடைக்கு வாற சனத்துக்கே ஒரு சிரிப்புக் குடுக்கத் தெரியாத நீயே?"

உங்கள் தங்கையின் மகள் திரும்பி முறைத்தார். அடுத்த பகிடி முடிந்தது. மறுபடி சிரித்தேன், மெலிந்த, தனிச் சிரிப்பு. அப்போது, ஆங்கிலம் பாதிக்கு மேல் விளங்காத அம்மா, வாயை மூடியிருந்த சேலைத் தலைப்பை எடுத்துவிட்டு, கல்யாண வீட்டில் சிரிப்பதுபோலச் சத்தமாகச் சிரித்தார். நாங்கள் ஓயவும் நீங்கள் அடுத்த வசனத்தைத் தொடங்கவும் சரியாக இருந்தது.

சவப்பெட்டி திரைக்குப் பின்னால் போனது. பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்தபடியே வந்தார்.

ஆனால் அந்த முதல் இடம் வெறுமையாகவே போய்விட்டது. நீங்கள் அங்கே காத்திருந்த அந்தச் சில கணங்கள் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது கடையில் யாராவது ஒரு பகிடி சொல்லி நிறுத்தினால், நல்லதோ இல்லையோ, முதலில் சிரிப்பது நான்தான்.