வத்ஃபாவின் அடுப்பு

அன்புள்ளவருக்கு,

ஹைஃபாவில் பத்திரம் பதிவாகிவிட்டதா? இங்கே எல்லோரும் நலம்.

பெய்ரூத்தில் இருக்கும் நில முதலாளி ‘பாலஸ்தீனத்தில் ஆளில்லாத நிலம்’ என்று நம் யூதக் குடியேற்றத்துக்கு விற்றாரே, நாம் வந்திறங்கிய அன்று இந்த மண்ணடுப்பில் சூடு ஆறியிருக்கவில்லை. அதை நான் உங்களிடம் சொல்லவில்லை.

அடுப்புக்காரி வத்ஃபா, இந்த நிலத்தை உழுதுவந்த அரபுக் குடும்பங்களை ஆங்கிலேயப் போலீஸ் வெளியேற்றிய பிறகும் தினமும் மாவோடு வருவாள். நமக்கும் இரண்டு ரொட்டி சுட்டுத் தருவாள். “நிலத்தத்தானே வாங்குனீங்க, அடுப்பயுமா?” என்று சிரிப்பாள்.

இன்று மாவில்லாமல் வந்தாள். நான் மூட்டி வைத்திருந்த நெருப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

அவள் கற்றுக்கொடுத்த அரபியில், “ஏன்?” என்று கேட்டேன்.

“எங்க ஆம்பளைங்க ராத்திரி துப்பாக்கியோட கூடிப் பேசி முடிச்சுட்டாங்க. பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பிடும்மா.”

விதைக் கோதுமை வாங்க வேண்டாம். வண்டியைக் காலியாகவே கொண்டுவாருங்கள்.

உங்கள் மனைவி