தம்பு வீடியோவுக்கு லைட் பிடிக்க ஒரு ஆள்

1-8-1988, திங்கள்

இராஜம்மா வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டாள். தோசை சுட்டுக்கொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல். இனிமேல் என்னோடு எந்தக் கல்யாணத்துக்கும் லைட் பிடிக்க வரமாட்டாளாம். பட்டுப்புடவையோடு கேபிளை இழுத்துக்கொண்டு மணமேடையைச் சுற்றி, கை ஓய்ந்து, கடைசிப் பந்தியில் ரசமும் அப்பளமும் சாப்பிட்டது போதுமாம். "மூணு வருஷமா எனக்கு என்ன சம்பளம் குடுத்தீங்க?" என்றாள். குடும்பம்தானே என்றேன். அடுத்த தோசை தட்டில் வந்து விழுந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆக, ஆள் எடுக்க வேண்டும். நான் ஆள் எடுக்கப் போகிறேன்! வீடியோவே முழுநேரத் தொழில் என்று ஜூனில் ரயில்வே வேலையை விட்டபோதுகூட இவ்வளவு படபடப்பு இல்லை. ஆடி மாதம் என்பதால் கல்யாணம் ஏதுமில்லை. ஆவணி பிறப்பதற்குள் பிடித்தாக வேண்டும்.

4-8-88, வியாழன்

கடை வாசலில் அட்டை தொங்கவிட்டேன். வேலைக்கு ஆள் தேவை, பெண்கள் விரும்பத்தக்கது. பொண்ணு அலங்காரம் செய்கிற அறைக்குள் என்னை யார் விடுவார்கள்? அதனால்தான்.

கீழே பூக்கடைக்காரர் படித்துவிட்டு, "என்ன தம்புசாமி, ரெண்டாவது சம்சாரமா?" என்று கேட்டுச் சிரித்தார். மனுஷனுக்கு வேறு வேலை இல்லை. மத்தியானம் அட்டையை மாற்றி எழுதினேன்.

6-8-88

வந்தாச்சு! பெயர் தனலெட்சுமி. என் வயதுதான் இருக்கும். பேக்டரியில் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் வேலை பார்த்திருக்கிறார், இரண்டும் மூடிவிட்டார்கள். உங்கள் கடை மூடாதே என்று கேட்டார். நேர்முகத் தேர்வு எனக்கா, அவருக்கா?

லைட்டைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். நான் தொழிலைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன் — கேமரா, எடிட்டிங், ஜப்பான்காரன் மூளை — பேசிக்கொண்டே போய்விட்டேன். "பாஸ், இறக்கி வைக்கலாமா?" என்று கேட்டபோதுதான் பார்க்கிறேன், கை ஆடாமல் அத்தனை நேரமும் என் மூக்குக்கு நேரே பிடித்திருக்கிறார்.

பாஸ். மூன்று தடவை சொன்னார். இராஜம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. இரண்டு தடவைதான் சொன்னேன்.

7-8-88

முதலாளி என்பவன் காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும்? முன்னால் வந்தால் அவசரக்காரன். பின்னால் வந்தால் சோம்பேறி. யாரிடம் கேட்பது இதை?

8-8-88, திங்கள்

ஏழரைக்கே போனேன். கடை குப்பையாக இருந்தால் அவர் என்ன நினைப்பார் என்று நானே கூட்டினேன், துடைத்தேன், டீ வாங்கி வைத்தேன். அவர் வந்து குடித்தார். கிளாஸையும் நானே கழுவினேன்.

"அவங்க உங்களுக்கு வேலை செய்றாங்களா, நீங்க அவங்களுக்கா?" — இராஜம்மா. பொறாமை.

13-8-88

ஒத்திகை. இரண்டு நாற்காலியில் இரண்டு தலையணை, மாப்பிள்ளை ஒன்று, பொண்ணு ஒன்று. பூக்கடையில் வாடிய மாலை இரண்டு வாங்கிப் போட்டேன். நான் வாயாலேயே நாதஸ்வரமும் தவிலும் வாசித்தேன். தனலெட்சுமி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, கேபிள் காலில் சிக்காமல், என் நிழல் விழாமல், கச்சிதமாக நகர்ந்தார். தலையணை கழுத்தில் கயிறு ஏறியபோது கெட்டிமேளம் வாசித்தேனே — தெருவே எட்டிப் பார்த்தது.

19-8-88, வெள்ளி

கிள்ளானிலிருந்து ராதாகிருஷ்ணன். பெரிய ஹார்ட்வேர் கடை. கல்யாணம் அவர் தங்கை தெய்வானையின் மகளுக்கு, 28ஆம் தேதி. தங்கை புருஷன் தவறிவிட்டார். அதனால் தாரை வார்க்கிறது இவரும் இவர் மனைவியும். தங்கை மண்டபத்துச் சமையல் பக்கம் பார்த்துக்கொள்வாராம்.

தாலி கட்டுவது மட்டும் துல்லியமாக வேண்டும் என்றார். இது நன்றாக அமைந்தால் அவர் வீட்டிலேயே அடுத்தடுத்துக் கல்யாணம், எல்லாம் எனக்குத்தான். ரயில்வேயை விட்டது தப்பில்லை என்று இனி ஒருத்தனும் என்னைப் பார்த்து வாயைத் திறக்க முடியாது!

28-8-88, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

காலையிலிருந்து எப்படி நன்றாகப் போனது. பொண்ணு அறையில் தனலெட்சுமி அம்மா லைட் பிடிக்க, வாசலில் நின்றே நான் ஜூம் செய்து எடுத்தேன். மேடையில் அருமை. தாலித் தட்டு ஒரு சுற்று வந்தது. பின்னாலேயே அட்சதைத் தட்டு. எல்லாரும் எடுத்தார்கள். தனலெட்சுமி அம்மாவும் எடுத்திருக்கிறார்!

ஐயர் விரலை உயர்த்த, கெட்டிமேளம். என் கண் கேமராவில். மாப்பிள்ளை கை பொண்ணு கழுத்துக்குப் போகிறது — கறுப்பு. ஒன்றும் தெரியவில்லை. சுற்றி நெருக்கிய கூட்டத்தில் மண்டபத்து வெளிச்சம் மேடைக்கு எட்டவே இல்லை. கண்ணை எடுத்துப் பார்த்தால், தனலெட்சுமி அம்மா வலது கையால் மஞ்சள் அரிசியை வீசிக்கொண்டிருக்கிறார். இடது கையில் லைட் பின்னால் திரும்பி, கூட்டத்தில் எங்கேயோ அடிக்கிறது. கேமராவும் தன்னால் வெளிச்சம் போன பக்கம் திரும்பிவிட்டது, பழக்க தோஷம். திரும்பி வருவதற்குள் மூன்று முடிச்சும் முடிந்தது.

வேனில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கு.

"கெட்டிமேளம் கேட்டதும் கை தன்னால போயிடுச்சுண்ணே. ஒரு பொண்ணு கழுத்துல தாலி ஏறுது, போடாம எப்படி நிக்கிறது?"

பாஸ் போய் அண்ணே வந்துவிட்டது. ஒத்திகையில் தலையணைக்கு யார் அட்சதை போட்டது? நான்தானே யோசித்திருக்க வேண்டும்.

29-8-88

யோசனை ஒன்று: இன்னொரு தடவை கட்டச் சொல்லலாமா? சொல்லி முடிப்பதற்குள் இராஜம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

யோசனை இரண்டு: வேறொரு கல்யாணத்து டேப்பிலிருந்து வெறும் கையும் கழுத்தும் மட்டும் வெட்டிச் சேர்த்தால்? கை எல்லாம் கைதானே.

"அந்தப் பொண்ணு கழுத்துல வேற ஒருத்தி தாலியா? செஞ்சு பாருங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

யோசனை மூன்று இல்லை. உள்ளதை உள்ளபடி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான்.

31-8-88

மெர்டேக்கா, சுதந்திர தினம். ஊரெல்லாம் கொடி. நான் மட்டும் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன்.

தனலெட்சுமி அம்மா லீவு நாளிலும் வந்தார். கிள்ளானுக்குத் தானும் வருகிறாராம், தப்பு தன்னுடையதாம். வேண்டாம் என்றேன். கேட்கிற ஆளா?

2-9-88, வெள்ளி

கிள்ளான் போய் வந்தாச்சு.

ராதாகிருஷ்ணன் வீட்டு ஹாலில் சொந்தக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். டேப் ஓடியது. தாலி நேரம் வந்தது. கறுப்பு, மேளம், கூட்டத்தில் யாரோ, மறுபடி மேடை, தாலி ஏறிய கழுத்து. யார் லைட் பிடித்தது என்று ராதாகிருஷ்ணன் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் தனலெட்சுமி அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"இந்த அம்மாவ வேலைய விட்டு நிப்பாட்டிட்டு வாங்க. அப்புறம் மத்த கல்யாணத்தப் பத்திப் பேசலாம்லா," என்றார் என்னிடம்.

அடுத்தடுத்த கல்யாணங்கள் கண் முன்னால் வரிசையாக வந்தன. சத்தியமாக வந்தன. தலையை ஆட்டினால் போதும். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "அவங்க என் ஆளுங்க. நிப்பாட்ட முடியாது." ரயில்வேயில் பதினாறு வருஷம் எங்கே போயிருந்தது இந்த வீரம்!

டேப்பை எடுக்கக் குனிந்தேன். அடுக்களை வாசலிலிருந்து ஒரு குரல். பொண்ணின் அம்மா, தெய்வானை.

"தம்பி, அதைத் திரும்பப் போடுங்க. கூட்டத்தக் காட்டுச்சே, அது."

போட்டேன். அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். எல்லாருக்கும் பின்னால், கடைசித் தூணை ஒட்டி, வெளிர் புடவையில் தெய்வானை அம்மாவேதான். லைட் நேராக முகத்தில். கண் கொட்டாமல் மேடையைப் பார்த்தபடி கையை உயர்த்தி அட்சதை போடுகிறார். பாதித் தூரம்கூடப் போகவில்லை அது. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது.

ராதாகிருஷ்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். நீ சமையல் பக்கம் இருக்கிறாய் என்றல்லவா நினைத்தேன் என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் மேடப் பக்கம் வரலைன்னு எம்மவ அன்னிக்கெல்லாம் அழுதா. இத அவளுக்குக் குடுத்து விடணும். எனக்கும் ஒரு காப்பி போட்டுத் தாங்க."

இன்னும் ஒரு தடவை போடச் சொன்னார்கள். அதற்கப்புறம் யாருமே தாலியைப் பற்றிக் கேட்கவில்லை.

வேனில் நானும் தனலெட்சுமி அம்மாவும் திரும்பினோம். பாதி வழியில் அவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு நானும். எதற்கென்று தெரியாது. பெடரல் ஹைவே முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தோம்.

5-9-88

ராதாகிருஷ்ணன் போன். அக்டோபர் கல்யாணத்துக்கு வரச் சொன்னார். இரண்டு லைட் கொண்டுவர வேண்டுமாம், ஒன்று மேடைக்கு, ஒன்று கூட்டத்துக்கு. லைட் பிடித்த அந்த அம்மாவும் வருவார்தானே என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று கொஞ்சம் கெத்தாகச் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் இராஜம்மாவைத் தூக்கிச் சுற்றப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் இன்னும் சிரிக்கிறாள்.

11-9-88, ஞாயிறு

காஜாங்கில் கல்யாணம். கெட்டிமேளம் முழங்கியபோது தனலெட்சுமி அம்மா இரண்டு கையாலும் லைட்டைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார். துளிகூட ஆடவில்லை. மூன்று முடிச்சும் பளிச்சென்று விழுந்தது. பார்த்தேன், அவர் கண் கலங்கியிருந்தது.

கூட்டம் ஒவ்வொருவராக மேடையேறி ஆசீர்வதிக்க ஆரம்பித்தது. கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டே லைட்டை வாங்கிக்கொண்டேன். போய்ப் போட்டுவிட்டு வாருங்கள் என்றேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்.

ஒரு கையில் லைட், தோளில் கேமரா, கழுத்தெல்லாம் வேர்வை. அவர் பொண்ணு மாப்பிள்ளை தலையில் அட்சதை போடுவதை எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் தோளைத் தட்டினார்.

"லைட் அண்ணே, உங்க பாஸ் எங்க? புக்கிங் பேசணும்."

மேடையில் நின்ற தனலெட்சுமி அம்மாவைக் காட்டினேன்.