தேர்வு நோயாளி சொன்ன பொய்யும் டாக்டர் மதிவதனியின் தோல்வியும்

அனுப்புநர்:
ப. காளிச்சாமி,
மில் தொழிலாளி (முன்பு கார்டிங் என்னும் பஞ்சு சீவும் பிரிவு),
14, மில் லைன், சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
மருத்துவ மேற்படிப்புத் தேர்வுகள், சென்னை.

பொருள்: ஏப்ரல் 1995 எம்.டி. செய்முறைத் தேர்வு – டாக்டர் மதிவதனி தேறாதது – நோயாளியாகிய எனது தவறு – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கோவைத் தேர்வு மையத்தில் ஐந்து ஆண்டுகளாக நான் 'ஆஸ்துமா கேஸ்'. தேர்வுக்கு வரும் டாக்டர்கள் என்னைச் சோதித்து நோயைச் சொல்ல வேண்டும். பாவம் என்று நானே காதோடு காதாக ஆஸ்துமா என்று சொல்லிவிடுவேன். அதைத் திருப்பிச் சொன்னவர்கள் எல்லாரும் பாஸ். அவர்களில் சிலர் இன்று பெரிய டாக்டர்கள். ரோட்டில் எதிரே வந்தால் என்னைத் தெரியாது.

2. என் மனைவி பழனியாத்தாள் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. நான் இருமினால் ஏனென்று கேட்க ஆளில்லை. தேர்வன்று மட்டும் படித்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் என்னை விசாரிப்பார்கள். அதற்காகவே விடாமல் போனேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

3. டாக்டர் மதிவதனி மட்டும் நான் சொன்ன பதிலை வாங்கிக்கொள்ளவில்லை. "ஏனுங்க, எந்தக் கிழமைங்க மூச்சு ரொம்ப வாங்குது?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை மில்லுக்குள் நுழைந்தால்தான் நெஞ்சு அடைக்கும் என்றேன். இது பஞ்சுத் தூசியால் வந்த நோயாக இருக்கலாம், வேலைக்கு முன்னும் பின்னும் மூச்சை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவர் தேர்வாளரிடம் சொன்னார்.

4. தேர்வாளர் என் பக்கம் திரும்பி, திங்கட்கிழமை அப்படி ஆகிறதா என்றார். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். நோய் மாறினால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்களே என்ற பயம்தான். டாக்டரம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். அவர் தேறவில்லை என்று வார்டு நர்ஸ் மெர்சி பிறகு சொன்னார்.

5. மனசு கேட்காமல், சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை வேறொரு டாக்டரிடம் போய் ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் மூச்சை அளந்து பார்த்தேன். அம்மணி சொன்னதே சரி. அவர் அளவு எழுதித் தந்த சீட்டை இத்துடன் இணைத்துள்ளேன். இப்போது என்னைப் பஞ்சுப் பக்கம் விடாமல் கேட் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள். நிற்காமல் படி ஏற முடிகிறது.

6. சொல்லிக் கொடுத்ததைச் சொன்னவர்களுக்கு மார்க்கும், யோசித்தவருக்குத் தோல்வியும் கிடைத்ததற்கு நானும் காரணம். ஆகவே அவரது தேர்வை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எங்கே கூப்பிட்டாலும் வந்து உண்மையைச் சொல்கிறேன். இனி என்னைத் தேர்வுக்கு அழைக்க வேண்டாம். விதியில் இடமில்லை என்றால், அவர் கணித்தது சரி, நோயாளிதான் பொய் சொன்னான் என்று ஒரு வரியாவது அவருக்கு எழுதுங்கள். நானே எழுதலாம் என்றால், உடுமலைப்பேட்டைக்காரர் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அவர் என்னைப் பற்றி அத்தனையும் கேட்டார். நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ப. காளிச்சாமி

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 12.6.1995