நாலாவது பந்தியும் நீலக் காரும்

ஒக்டோபர் 13, திங்கள்

காலையிலேயே வெயில். மேற்கே இருந்து சுடுகாற்று. கொடியில் போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டு முற்றத்தில். இன்று பஸ் ஓட்ட வேண்டியதில்லை, ஓய்வு.

செய்ய வேண்டியவை:
– பெரியவளின் (என் பழைய கார்) பம்பர், கதவுப் பிடிகள் துடைக்க.
– மகள் ஷெரினின் கல்யாண உடுப்பு, தையல்காரியிடம்.
– கிளப் பத்திரம். 22ஆம் திகதி முடிகிறது. மறக்கக்கூடாது. கிளப்பின் கையெழுத்து இல்லாவிட்டால் பதிவு இல்லை, பதிவு இல்லாவிட்டால் பெரியவள் தெருவில் இறங்க முடியாது. 25இல் கல்யாணம்.

ஒன்றும் செய்யவில்லை. காரணம் பிரையன்.

பிரையன் எங்கள் பழைய கார் கிளப்பின் தலைவர். இனிமேல் பி. முழுப்பெயர் எழுத மை வீண். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கார்க் காட்சி. எல்லாம் ஒரே அமெரிக்கக் கொம்பனியின் கார்கள். ஜனாதிபதிகள் ஏறுவது, பாட்டுக்காரர்கள் கையில் காசு வந்ததும் முதலில் வாங்குவது. என் பெரியவளும் அந்த வம்சம்தான்: அறுபதுகளில் செய்தது, வெளிர் நீலம், எங்கள் கராஜை விட ஒரு சாண் நீளம்.

வருகிறவர்களுக்குக் கொடுக்க, கொம்பனியின் கதையை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னதே பி.தான். "நம்மில் வாசிக்கிற ஆள் நீதான் மெட்டி" என்றான். கிளப்பில் எனக்குப் பெயர் மெட்டி. எனக்கும் புளுகம், சந்தோசம். மூன்று கிழமை, பஸ் ஓட்டத்தின் இடைவேளை எல்லாம் நூலகப் புத்தகம். இன்று அவனுடைய பதில்: "அருமை. ஒரு சின்ன வெட்டு மட்டும்."

அவன் விட்டு வைத்தவை: போர் விமானத்தைப் பார்த்துக் காரின் பின்புறம் வைத்த வால் இறக்கை. ஜனாதிபதிகள். கொம்பனிச் சின்னம். அந்தச் சின்னம் ஒரு பிரெஞ்சுக்காரருடையது, தனக்குப் பிரபு வம்சம் என்று தானே கதை கட்டிய ஆள். அந்தப் பொய் பி.க்குப் பிடித்திருக்கிறது.

அவன் வெட்டியது நாலாவது பந்தி. இங்கேயாவது முழுதாக இருக்கட்டும்:

"முப்பதுகளில் அமெரிக்காவில் எங்கும் பணத் தட்டுப்பாடு. இந்தக் கொம்பனியின் விற்பனை விழுந்தது. மூடிவிடலாமா என்று மேலிடம் யோசித்தது. கறுப்பினத்தவருக்கு இந்தக் காரை விற்பதில்லை என்பது அன்று கொம்பனியின் கொள்கை. விற்றால் காரின் மதிப்புக் குறையும் என்று பயம். ஆனால் பழுது பார்க்க வந்த கார்களைக் கவனித்த ஓர் அதிகாரி வேறொன்றைக் கண்டார். கொண்டு வந்தவர்களில் பலர் கறுப்பினத்தவர்: மருத்துவர்கள், குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள். ஒரு வெள்ளைக்காரருக்குக் காசு கொடுத்து, அவரை முன்னால் நிறுத்தி வாங்கிய கார்கள். நேரடியாகவே விற்போம் என்று அந்த அதிகாரி மேலிடத்தில் போய் வாதாடினார். விற்றார்கள். கொம்பனி பிழைத்தது."

இதில் எந்தச் சொல் பிழை? கொம்பனி அன்றைக்கே செத்திருந்தால் வால் இறக்கை எங்கே முளைத்திருக்கும்?

ஒக்டோபர் 14, செவ்வாய்

காற்று அடங்கவில்லை. நானும்தான்.

இடைவேளையில் பி.க்குப் போன் அடித்தேன். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி நிறுத்தம், பின் இருக்கையில் இருந்து.

"குடும்பங்கள் வருகிற நாள், மெட்டி. அரசியல் வேண்டாம். காரைப் பற்றி மட்டும்."

"அது காரைப் பற்றித்தான்."

"ஆறின புண். ஏன் சொறிகிறாய்?"

யாருடைய புண், யாருக்கு ஆறியது என்று கேட்டேன். பேச்சை மாற்றினான். "பத்திரத்தை ஞாயிறு கொண்டு வா. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பார்த்து நடந்துகொள்."

பார்த்து நடந்துகொள்! முப்பத்தொரு வருடம் சிட்னித் தெருவில் பஸ் ஓட்டுகிறவளுக்கு.

வீட்டில் சூசையிடம் சொன்னேன். கட்டிய கணவராவது என் பக்கம் நிற்பார் என்று. "அவன்ர கிளப். விடுமன்" என்றார். தட்டில் இருந்து தலை நிமிரவில்லை.

ஷெரின் போனில்: "அம்மா, இட்ஸ் எ கார் கிளப். கல்யாணத்தண்டைக்கு எனக்குப் பெரியவள் வேணும். வேற ஒண்டும் நான் கேக்கேல்ல."

உண்மை. மண்டபம், பூ, சாப்பாடு எல்லாம் எங்கள் விருப்பத்துக்கு விட்டவள். இந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

ஒக்டோபர் 16, வியாழன்

சிறு மழை. பெற்றோல் அடிக்கப் போனோம். வழியில் பொலிஸ், குடித்திருக்கிறோமா என்று ஊதிப் பார்க்கும் சோதனை.

பெரியவளுக்கு ஸ்டியரிங் இடப் பக்கம், அமெரிக்க வழக்கப்படி. நான் இடப் பக்கம், சூசை வலப் பக்கம். இந்த ஊரில் எல்லாரும் வலப் பக்கம் பார்த்தே பழகியவர்கள். பொலிஸ்காரப் பெடியன் நேரே சூசையின் ஜன்னலுக்கு வந்து குழாயை நீட்டினான். இவர் என்ன செய்தார்? வாயைத் திறந்தார். ஊதப் போனார்!

"இஞ்சேருங்கோ, நீங்களோ ஓட்டுறது?" என்று கத்தினேன்.

பெடியன் சிரித்து, மன்னிப்புக் கேட்டு, சுற்றி என் பக்கம் வந்தான். ஊதினேன். என் மூச்சில் இருந்த சூட்டுக்கு அந்த மெசின் வெடித்திருக்க வேண்டும்.

"நீர் ஏன் இப்ப கோவிக்கிறீர்? அவன் நீட்டினான், நான் ஊதப் பாத்தனான்" என்கிறார். இதே கதைதான் எங்கும். பெற்றோல் அடிக்கும் இடம், கோயில் வாசல், வெள்ளையர், எங்கட ஆட்கள், எல்லாரும் கார் அவருடையது என்று அவரிடம் பேசுவார்கள். அவரும் தலையாட்டுவார், சிரித்துக்கொண்டு.

ஒக்டோபர் 17, வெள்ளி

நாள் முழுக்க வானம் மப்பு. எழுத மனமில்லை. ஆனாலும்.

டிப்போவில் கிரெக்கைப் பிடித்தேன். எங்கள் பஸ் மெக்கானிக். பெரியவளின் எஞ்சினைத் தொட நான் விடுகிற ஒரே ஆள். நாலாவது பந்தியை வாசிக்கக் கொடுத்தேன். அவனாவது என்னோடு சேர்ந்து கொதிப்பான் என்று.

வாசித்தான். சிரித்தான்.

"உன்னையும் என்னையும் போல" என்றான்.

"என்னது?"

"பென்ரித். ஆறு வருடம் முன். நான் உள்ளே போய்க் காரை வாங்கினேன். நீ தெருவுக்கு அந்தப் பக்கம் என் யூட்டுக்குள் இருந்தாய். உன் பந்தியில் அவர்கள் காசு கொடுத்திருக்கிறார்கள். எனக்கு நீ மீன் கறி தந்தாய்."

மூன்று கிழமை அந்தப் பந்தியை எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.

நடந்தது அதுதான். விளம்பரத்தைக் கண்டது நான். காசு என்னுடையது. ஆனால் போன்கூட அடிக்கவில்லை. என் குரலைக் கேட்டால் விலையை ஏற்றுவான், அல்லது உன் புருசனைக் கூட்டிக்கொண்டு வா என்பான் என்று நானே நினைத்துக்கொண்டேன். கிரெக்கை அனுப்பிவிட்டு, அவனுடைய யூட்டில், சாமான் ஏற்றுகிற அந்த அழுக்கு வண்டியில், தலை தெரியாமல் சரிந்து இருந்தேன். உனக்கு விற்கமாட்டேன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கொள்கையை எழுதியது நான்.

கிரெக் இன்னொன்றும் சொன்னான். விற்ற கிழவர் ஜன்னலால் என்னைக் கண்டிருக்கிறார். "அது யார், உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கச் சொல்லு" என்றாராம்.

"நீ என்ன சொன்னாய்?"

"கூட வேலை செய்கிற பெண், காரில் விருப்பமில்லை என்றேன்."

காரில் விருப்பமில்லை! எனக்கு!

"ஆறு வருடமாக ஏன் சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லையே."

அந்த மனிதர் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருக்கிறார். என்னைக் கண்டதும் விலையை ஏற்றியுமிருக்கலாம். இனி எப்படித் தெரியும்? கிரெக்கில் கோபம். பி.யில் கோபம். என்னில் வந்த கோபம் இரண்டையும் சேர்த்ததை விடப் பெரிது. கறியை அடுப்பில் விட்டுக் கருக்கிவிட்டேன். சூசை அதையும் சாப்பிட்டார்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

நல்ல வெயில், காட்சிக்கு ஏற்ற நாள். முப்பது கார், ஐஸ்கிரீம் வண்டி, குழந்தைகள்.

பி. அச்சடித்த தாள். நாலாவது பந்தி இல்லை. அடியில் என் பெயர் இருந்தது, பெரிய எழுத்தில். அதை மட்டும் வெட்டவில்லை.

நேற்று ஒரு வெள்ளை அட்டையில் நாலாவது பந்தியை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். கீழே மூன்று வரி சேர்த்தேன்: "இந்தக் காரும் அப்படித்தான் வாங்கப்பட்டது. வாங்கியவள் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு யூட்டுக்குள் ஒளிந்திருந்தாள். அவள் நான்." முன் கண்ணாடியில் வைப்பருக்குக் கீழே செருகினேன்.

சூசையிடம் காரைப் பற்றிக் கேட்டவர்கள்: பதினொரு பேர். என்னிடம்: இரண்டு பேர். அதில் ஒருவருக்கு வேண்டியது கழிவறை.

எங்கட ஆட்கள் ஒரு சோடி. "அண்ணை, வடிவான கார். அக்காவையும் ஏத்திக்கொண்டு திரியிறனீங்களோ?" சூசை மடக்குக் கதிரையில் இருந்து, "ஓம் ஓம்."

அட்டையை இரண்டு ஆண்கள் வாசித்துச் சிரித்தார்கள். வயதான ஒரு பெண் இரண்டு தரம் வாசித்தாள், படம் எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு பி. வந்தான், முகம் சிவந்து, குரல் தணிந்து. "அதை எடு, மெட்டி."

"எடுக்கமாட்டேன்."

"இந்தக் கிளப்பில் யாராவது உன்னை ஒரு சொல் சொன்னதுண்டா?"

இல்லை. அதுதான் கரைச்சல். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லவிடாமல் நானே ஒளிந்துகொண்டேன் என்பதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியது.

"அப்படியானால் உன் பத்திரத்தைக் கமிட்டி பார்க்க வேண்டும். அடுத்த கூட்டம் நவம்பரில்." காலையில் நான் கொடுத்த பத்திரத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

ஒக்டோபர் 20, திங்கள்

வேறு கிளப்புக்குப் போன் அடித்தேன். சேரலாமாம். பத்திரம் வர மூன்று கிழமையாவது ஆகும்.

ஷெரின் வந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"ஒரு பேராகிராஃப், அம்மா. ஆர் வாசிக்கப் போகினம்?"

"நான்."

"என்ர வெடிங்கை விடவோ?"

என்னிடம் இருந்த பதில் எல்லாம் புத்தகத்தில் இருந்து எடுத்தது. கல்யாணச் சோடினை ரிப்பனை, கார் மூக்கில் கட்ட வாங்கியதை, மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

ஒக்டோபர் 22, புதன்

வானம் மப்பு. பெரியவளின் பதிவுக்குக் கடைசி நாள். பின்னேரம் மாதா கோயில் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் நிறுத்தும்போது பி. நிற்கிறான், கையில் பத்திரமும் பேனாவும்.

நேரே வலப் பக்க ஜன்னல். சூசையிடம். "நீ சொல்லு அவளுக்கு. அட்டை தவறுதலாக வைத்தது என்று ஒரு வரி எழுதித் தரட்டும். இங்கேயே கையெழுத்துப் போடுகிறேன். மகளின் கல்யாணம் அல்லவா?"

பொலிஸ்காரன் குழாய் நீட்டியதும் வாய் திறந்த மனிதர் இவர். இன்று ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு தன் ஆங்கிலத்தில், மெதுவாக: "கார் இவளுடையது. அந்தப் பக்கம் போய்க் கேள்."

பி. சுற்றி வந்தான். நீளமான கார், நேரம் எடுத்தது. அதற்குள் சூசை என்னிடம்: "நீர் விரும்பினதைச் சொல்லும். ஆனா ஷெரினை நினைச்சுச் சொல்லும்."

நினைத்தேன். அவள் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கிய நாள் இந்தக் காரில் போனதை நினைத்தேன். ஒரு வரிதானே என்றும் நினைத்தேன். பேனாவை வாங்கவும் வாங்கினேன். ஆனால் தவறுதலாக வைத்தது என்று எழுதினால், திரும்ப அந்த யூட்டுக்குள் போய்ச் சரிந்து இருப்பதுதான்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"உன் விருப்பம்" என்றான். பத்திரத்தைக் கொண்டு போய்விட்டான்.

குசினிக்குள் போய் அழுதேன். இரக்கம் வேண்டி அல்ல, கோபத்தில். ஷெரினுக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டேன், பென்ரித் யூட்டில் இருந்து இன்று வரை நடந்ததை அப்படியே. பார்த்ததற்கு இரண்டு நீலக் குறி மட்டும்.

ஒக்டோபர் 25, சனி

வெயில். காற்று இல்லை. காலையில் இருந்து வீடு முழுக்க ஆட்கள், மல்லிகை, சூடான இஸ்திரிப் பெட்டி.

ஷெரின் நேற்றுப் பின்னேரம் வந்துவிட்டாள். எல்லாரோடும் கதைக்கிறாள். என்னிடம் மட்டும் "ஓம்", "இல்லை".

பெரியவள் வாசலில், துடைத்தபடி. அசைய ஏலாது. கோயிலுக்கு சூசையின் சின்னக் கார். நான்தான் ஓட்டுகிறேன், சூசை மகளோடு பின்னால்.

இப்போது திறந்த ஜன்னலால் பார்க்கிறேன். ஷெரின் வெள்ளை உடுப்போடு பெரியவளுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள். பெரியவளின் மூக்கில் ரிப்பனை யார் கட்டியது? நான் இல்லை. மேசையில் அது இல்லை.

படம் எடுக்கிற பெடியன் கேட்கிறான்: "சூப்பர் கார். அப்பாட காரோ?"

"இல்ல. அம்மாட. ஒளிச்சிருந்து வாங்கினவ. இப்ப ஓட்ட ஏலாது."

அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இடப் பக்கக் கதவைத் திறந்து, என் இருக்கையில் ஏறி, தலையின் வெள்ளை நெட் துணியை மடியில் அள்ளி வைத்துக்கொண்டு, "இப்ப எடுங்கோ" என்றாள்.

சூசை கூப்பிடுகிறார். நேரம் போகிறது. சின்னக் காரை ஸ்டார்ட் பண்ணத் திறப்பைக் காணவில்லை.