வடிதட்டுக்குள் அடங்கிய சத்தம்

மச்சான்,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்று உன் வீட்டில் உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடந்தது. உள்ளே ஐயர் உன் பெயரையும் உன் அப்பா பெயரையும் சொல்லி எள்ளுந் தண்ணீரும் இறைப்பித்துக்கொண்டிருந்தார். உன் உயிர்ச் சிநேகிதன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் நான், உன் கராஜுக்குள் நின்று கருகிய ரப்பர் குழாய் ஒன்றை மூக்கில் வைத்து மணந்துகொண்டிருந்தேன். சனம் இருக்க மடக்குக் கதிரை எடுத்துவரத்தான் என்னை அனுப்பினார்கள். குழாய் ஆணியில் தொங்கியது. ஒருதரம் மணந்தேன். மனம் கேட்கவில்லை, இன்னொரு தரம். அடுத்த தரம் நிமிர்ந்தபோது வாசலில் உன் மனுசி.

"அண்ணை, கதிரை அங்காலை கிடக்கு."

"ஓம் தங்கச்சி, ஒரே தூசு. தும்மல் வருது."

தும்மல் வருகிறவன் குழாயை மூக்குக்குள்ளா விடுவான்? அவள் இரண்டு கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

களைப்பாக இருக்கிறது மச்சான். இந்த ஒரு மாதமாய் வந்துபோன சனத்துக்கெல்லாம் நீ எப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய், விழுமுன் என்ன சொன்னாய் என்று அதே கதையை நான்தான் சொன்னேன். அடுத்தவன் கதை என்றால் எனக்கு இன்னொரு நாக்கு முளைக்கும் என்பாயே, இந்தக் கதைக்கு இருந்த நாக்கும் நொந்துவிட்டது. நல்லவேளை, சனத்துக்கு இப்போது வேறு கதை கிடைத்திருக்கிறது. இரண்டாயிரம் பிறந்தவுடன் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பி உலகமே நின்றுவிடுமாம், அதுவும் உலகத்தில் முதலில் விடிகிற, நாங்கள் குடியேறிய இந்த நாட்டில்தானாம். நிற்கட்டும். நானும் கொஞ்சம் இருந்து எழும்பலாம்.

குழாய் உன் படகினுடையது. கடுகு நிறத்தில் ஒரு பழைய சறுக்குப் படகு, தண்ணீரில் சறுக்குகிறவர்களைக் கயிற்றில் இழுக்கிற வகை, நடுவில் லொறிக்குப் போடுமளவு எஞ்சின். அவுஸ்திரேலியாவுக்குப் போன பக்கத்துத் தெருக்காரனிடம் வாங்கினாய். கோயிலில் உடனே கதை எழும்பியது. "தண்ணியிலை சறுக்கத் தெரியாததுகளுக்கு என்னத்துக்குச் சறுக்குப் படகு?" அந்தக் கதையைத் தொடக்கியதே நான்தான் என்று உனக்குத் தெரியும். சிரித்தாய். படகின் பின்பக்கம் இரண்டு புகைக்குழாய்கள் நேரே வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, சைலென்சர் என்ற பேச்சே இல்லை. இங்கே ஹென்டர்சனில் நீ எஞ்சினைத் தட்டினால் விரிகுடாவுக்கு அப்பால் கிளென்ஃபீல்டில் என் மாமி யன்னலைச் சாத்துவா.

"சத்தத்தை அடக்கோணும் மச்சான். இல்லாட்டி என்ரை மனுசி ஏறமாட்டாள்," என்றாய் ஒருநாள், ஸ்பானரைத் துடைத்தபடி, என்னைப் பாராமல். "ஊரிலையிருந்து அவள் தப்பி வந்த வள்ளத்தை நேவிக்காரங்கள் துரத்தினவங்கள். இருட்டுக்குள்ளை ஒண்டும் தெரியாது. பெரிய எஞ்சின்ரை சத்தம் மட்டும் கிட்ட வரும், போகும். திரும்ப வரும். விடியுமட்டும் அப்பிடி."

நான் இந்த ஊருக்கு வந்திறங்கியபோது நீங்கள் இருவரும் ஏற்கெனவே குடும்பமாய்க் குடியேறி இருந்தீர்கள். யார் எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. எவன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெரிந்துவைத்திருக்கும் நான், அன்றும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை.

"ஒருக்கா சத்தமில்லாமல் கடலிலை இருந்து பாத்தால் போதும்," என்றாய். "இந்தக் கோடைக்குள்ளை ஏறாட்டி இதை வித்துப்போடுவன். பிறகு கடற்கரைப் பக்கமே போறேல்லை."

நீ குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன். நான் கந்தோரில் கோப்பு அடுக்குகிறவன். படகைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது, அது மிதக்கும், சிலவேளை மிதக்காது. ஆனால் உனக்கு உலோகத்தைப் பற்றவைக்கிற ஒட்டுவேலை கைவந்தது. எஞ்சினைக் குளிரவைத்த கடல்தண்ணீர் புகையோடு கலந்து புகை போகிற ரப்பர் குழாயால்தான் வெளியே போகும், அந்தத் தண்ணீர் இருக்கும்வரை ரப்பர் கருகாது என்று எனக்குப் பாடம் எடுத்தாய். பிறகு உங்கள் வீட்டுப் பெரிய சில்வர் பானையைக் கொண்டுவந்தாய், அதுதான் சைலென்சராம். மூடியை ஒட்டுமுன் உள்ளே குறுக்காக ஒரு வடிதட்டை வைத்தாய், சோறு வடிக்கிற அதே தட்டை.

"சத்தம் சோறு மாதிரி மச்சான். கஞ்சி போகட்டும். சோறு உள்ளை நிக்கட்டும்."

அந்நேரம் பார்த்து குசினியிலிருந்து குரல் வந்தது. "என்ரை வடிதட்டைக் கண்டனியளோ?" நாங்கள் இருவரும் கராஜ் கூரையை ஆராய்ந்தோம். அன்றிரவு குழைசோறு.

முதல் ஓட்டம் ஹென்டர்சன் சிற்றாற்றில். "நீ ஓட்டு. நான் கரையிலை நிண்டு கேட்டுச் சொல்லுறன்," என்றாய். போன கொஞ்சத் தூரத்திலேயே தண்ணீர்க் குழாய் கழன்றது. தண்ணீரெல்லாம் என் காலடிக்கு வந்தது, பானைக்குப் போகவேண்டிய குழாய் காய்ந்து புகைந்தது. கண்டல் மரங்களிலிருந்த பறவைகள் ஒன்று விடாமல் எழும்பின. பாலத்தில் தூண்டில் போட்டிருந்த வெள்ளைக்காரன், உங்கள் பார்பிக்யூ கருகுது என்று கத்தினான். அந்தக் குழாயைத்தான் நீ எறியாமல் ஆணியில் தொங்கவிட்டாய்.

பிறகு புதுக் குழாய் வந்தது. பின்னால் அலை அடித்தால் தண்ணீர் பானைக்குள் ஏறாமலிருக்க உன் ஜாண்டல் செருப்பு ஒன்றை வெட்டிக் குழாய் வாய்க்கு மூடி தைத்தாய். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நீ கரை, நான் படகு. உனக்குக் காது கூர்மை என்று நினைத்துக்கொண்டேன். வேலை நடுவில் வானத்தில் ஹெலிகொப்டர் போனால், "அவள் பயப்பிடுவாள்" என்று கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடுவாய். அது போய் வெகுநேரத்துக்குப் பிறகுதான் வருவாய். என் மனுசிக்கு நான் இப்படி ஓடியதில்லையே என்று வீட்டில் வாங்கிக் கட்டினேன்.

ஒரு பின்னேரம் நான் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தேன். நீ கரையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். படகு கரை தட்டும்வரை திறக்கவில்லை.

"எப்பிடி?"

"உலை கொதிக்கிற மாதிரி இருக்கு," என்றாய். முகம் கழுவியதுபோல நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

கோடை முடிகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள், பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு டப்பாவில் வடையுமாக. பேருந்தில் ஏறுவதுபோல ஏறி உட்கார்ந்தாள். துணிச்சல்காரி என்று நினைத்தேன். நீ பக்கத்தில் இருந்தாய். உன் கையைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயந்த பெண்ணைப் பார்க்கக் கூடாதென்று நான் மரியாதையாக முன்னால் பார்த்து ஓட்டினேன். கண்டலைத் தாண்டித் தண்ணீர் விரிந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தச் சொன்னாய். வள்ளத்தடியில் தண்ணீர் தட்டும் ஒலி மட்டும்.

"ஒண்டுமில்லை," என்றாய்.

"ஓம். ஒண்டுமில்லை," என்றாள் அவள். பிறகு எனக்கு வடை தந்தாள். உன் காரியம் கைகூடிவிட்டதென்று நான் அதைத் தின்றேன்.

நேற்றுச் சனம் போனபிறகு உன் மனுசி அந்தக் கருகிய குழாயைப் பேப்பரில் சுற்றி என் கையில் தந்தாள். "மணக்கிறதெண்டால் வீட்டை கொண்டுபோய் மணவுங்கோ அண்ணை." இப்போது அது என் காருக்குள் கிடக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறும் என் மனுசிக்கு இன்னும் ஒரு காரணம் சொல்லவில்லை. எதைச் சொல்ல? நேற்று அதை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று நான் உருகிப்போய்ச் சொன்னேன், "தங்கச்சி, அந்த வள்ளத்திலை அவ்வளவு பட்டு வந்த நீங்கள், திரும்பவும் துணிஞ்சு ஏறினதை நான் மறக்கமாட்டன்."

அவள் மடக்குக் கதிரை ஒன்றைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"உங்களுக்கும் அது நான் எண்டோ சொன்னவர்?" என்றாள். "வள்ளத்திலை வந்தது அவர்தான், அண்ணை. நான் கொழும்பாலை பிளேனிலை வந்தனான். ஜன்னல் சீற்."