ஒரு பட்டை, இரண்டு கை

பிப்ரவரி 2, ஞாயிறு

பனி. ஆலப்பாக்கம் வரை முகப்பு விளக்கு போட்டுத்தான் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. மஞ்சக்குப்பத்திலிருந்து 4.50க்குக் கிளம்பி, பாய் மைதானம் 6.05. வழியில் ஒரு டீ.

மைதானம் என்று எழுதுகிறேன். பரங்கிப்பேட்டை சாலையில் யூசுப் பாயின் தரிசு அது. வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இருபத்தேழு வருடம் புல் வெட்டியவர். ஊர் திரும்பியதும் தரிசில் ஐந்து குழி வெட்டினார். குழியைச் சுற்றிப் புல் கிடையாது. பழைய எஞ்சின் எண்ணெய் கலந்து உருட்டிய மணல் வட்டம். மற்ற இடத்துப் புல்லை ஆடுகள் பார்த்துக்கொள்கின்றன. நிரந்தர ஆட்டக்காரர்கள் இரண்டு பேர்: என் மனைவி வசந்தாவின் அண்ணன், சிதம்பரத்தில் கண் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் குணா மச்சான், அடுத்தது நான்.

புதுச் சாமான். மச்சானின் மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது. வாட்ச் மாதிரி ஒரு பட்டை, முகம் இல்லாதது. மணிக்கட்டில் கட்டி அடித்தால் போனில் எல்லாம் ஏறிவிடுகிறது. கை பின்னால் போக எவ்வளவு நேரம், கீழே வர எவ்வளவு, மணிக்கட்டு எங்கே மடங்கியது, அடிக்கும் முன் கை எவ்வளவு அசையாமல் நின்றது. நல்லது பச்சை, மோசம் சிவப்பு.

ஒரே பட்டை. என் பேரில் தனிக் கணக்குத் திறக்க மச்சானுக்குச் சோம்பல். "குணான்னே இருக்கட்டும் மாப்ள, மாத்தி மாத்திக் கட்டிக்கலாம்" என்றார்.

பாய் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்க ஷேக்குங்க இத கட்டிக்கினுதான் அடிப்பாங்க. பந்து அப்பவும் மண்ணுலதான் வுழும்" என்றார்.

என் ஸ்விங் அவசரம் என்கிறது பட்டை. கை கீழே வரும் நேரம் பின்னால் போகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டுமாம், எனக்குப் பாதி. நாற்பது வருடம் கடைசி நிமிடத்தில் செய்தி அனுப்பியவன் கை வேறெப்படி இருக்கும்.

முடிவில் போனில் ஒரு வரி: அடிக்கும் முன் கை நிலையாக இல்லை. நீளச் சிவப்புக் கோடு.

"அது உன் கை மாப்ள. ஒரு நாளைக்கி எட்டு டீ குடிச்சா நடுங்காம என்னா பண்ணும்?"

பாய் சிரித்தார். நானும்.

பிப்ரவரி 3, திங்கள்

ஆட்சியர் அலுவலகம், குறைதீர் கூட்டம். வழக்கமான கூட்டம். இறால் குட்டைத் தண்ணீர் வயலில் இறங்குவதாக ஒரு மனு. அதை மட்டும் எழுதினேன்.

டீ: இரண்டு. தலைவலி.

வ.வுக்கு வலக்கண் புரை ஆபரேஷன் வியாழன் 13ஆம் தேதி என்று முடிவாயிற்று. மார்ச்சில் விடைத்தாள் திருத்தும் வேலை வந்துவிடும்; அதற்குள் முடியவேண்டும் என்கிறாள். கரும்பலகையில் தான் எழுதிய கணக்கே தனக்கு இரண்டாகத் தெரிகிறதாம். இடக்கண்ணை இரண்டு வருடம் முன்பு மச்சான்தான் செய்தார். "எங்கண்ணனத் தவிர வேற யாரும் என் கண்ணத் தொடக் கூடாது." இதை இன்று மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை இட்லி ஊற்றிக்கொண்டே.

பிப்ரவரி 5, புதன்

டீ இல்லை. இளநீர் இரண்டு.

நீட்டிய விரல்கள் மேல் ஒரு தாள் வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. இடது கையிலும் இல்லை. மதியம் மறுபடி. அசைந்த மாதிரி இருந்தது, மின்விசிறி. நிறுத்திவிட்டு மறுபடி. இல்லை.

வ. பார்த்துவிட்டாள். "என்னா, தாளுக்கு ஜோசியம் பாக்கறீங்களா?"

அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கும். அதுதான் மனதில் ஓடுகிறது. உட்கார முடியவில்லை. வெள்ளிக் கடற்கரை வரை நடந்து திரும்பினேன். 50 நிமிடம்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஐந்தாம் நாள். மொத்தம் டீ: 3. பேப்பரில் என் இறால் செய்தி பாதியாக வெட்டப்பட்டு வந்திருக்கிறது. எரிச்சல் அதனாலா டீயாலா தெரியவில்லை.

ஞாயிறு செய்யவேண்டியது: ஒவ்வோர் அடியையும் மணியோடு நோட்டில் குறிப்பது. என்னுடையது மட்டுமல்ல, மச்சானுடையதும். போன் காட்டும் மணியையே எழுதுவது. நான் டீயை விட்டதற்கு அத்தாட்சி வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பனி குறைவு. 6.10க்கு ஆரம்பம்.

நான் எழுதுவதைப் பார்த்து மச்சான், "என்னா மாப்ள, பேட்டியா?" என்றார்.

"கை கேசு. ரெண்டு பக்கமும் எழுதணும்ல?"

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பந்துக்குப் போய்விட்டார்.

என் அடி 31, அவர் அடி 29. இரண்டு பந்து வேலிகாத்தான் புதருக்குள். ஒன்றை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விட்டது.

முடிவில் அதே வரி. கை நிலையாக இல்லை. மச்சான் போனைப் பார்த்துவிட்டு பையில் போட்டார். இந்த முறை டீ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலை எனக்கு அனுப்புங்கள் என்றேன். "எதுக்கு?" என்றார். என் ஸ்விங் பார்க்க என்றேன். அனுப்பினார்.

மாலை 4. வ. தூங்குகிறாள். நோட்டையும் போனையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன்.

6.14 நான், பச்சை. 6.16 கு., சிவப்பு. 6.19 நான், பச்சை. 6.21 கு., சிவப்பு. 6.22 கு., சிவப்பு.

என் 31இல் சிவப்பு 2. இரண்டும் ஆடு குறுக்கே வந்தபோது.

கு. 29இல் சிவப்பு 24.

இரண்டாவது முறை சரிபார்த்தேன். அதேதான். மூன்றாவது முறை பார்க்கவில்லை.

டீ போட்டுக் குடித்தேன். ருசி தெரியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

வியாழனுக்கு மூன்று நாள்.

இத்தனை வருடத்தில் ஒரே ஆதாரத்தை வைத்து ஒரு செய்தியும் அனுப்பியதில்லை. சம்பந்தப்பட்டவரைக் கேட்காமலும் அனுப்பியதில்லை. இங்கே ஆதாரம், விளையாட்டுக்கு வாங்கிய ஒரு பட்டை. பட்டை சரியாகக் கட்டாமல் இருந்திருக்கலாம். அவர் மணிக்கட்டு ஒல்லி. இப்படியே காலை போயிற்று.

மதியம் 2.15. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா சிஸ்டருக்குப் போன். வ.வின் சர்க்கரை அளவு பற்றிக் கேட்டேன். பிறகு, டாக்டர் எப்படியிருக்கிறார் என்றேன். நல்லாயிருக்கார் சார். வேலை ஜாஸ்தியோ என்றேன்.

"சார், நீங்க என்னா கேக்க வந்தீங்களோ, அத அவர்கிட்டயே கேளுங்க. நான் பதினெட்டு வருஷமா அவர் பக்கத்துல நிக்கறவ. எங்கிட்ட கேக்காதீங்க."

வைத்துவிட்டார். கோபமில்லாத குரல். அதுதான் இரண்டாவது ஆதாரம். கேட்டதற்கு வெட்கமாகவும் இருக்கிறது.

வ. கண்ணாடி முன் நின்று புதுப் புடவையைக் கழுத்தோடு வைத்துப் பார்க்கிறாள். ஆபரேஷனுக்குப் புடவை எதற்கு என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

வடலூர், தைப்பூசம். 3.30க்கே கிளம்பியது. கூட்டம் போன வருடத்துக்குக் குறைவில்லை. ஜோதிக்கு முன் ஏழு திரை விலகும் நேரத்தில் பக்கத்தில் ஒரு அம்மா, "எனக்கு ஒண்ணுமே தெரியலியேடி" என்று மகளிடம் அழுதாள். கூட்டம் மறைத்ததா, கண்ணா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

10.40க்குச் செய்தி அனுப்பினேன். 10.45க்கு அன்னதான வரிசைக்கு வெளியே நின்று மச்சானுக்குப் போன்.

"நாளைக்கிக் காலையில பாய் மைதானத்துக்கு வாங்க மச்சான்."

"புதங்கிழமையா? எதுக்கு?"

"ஒரு விஷயம் கேக்கணும்."

இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சரி. மாத்திரை போட்டுக்கினு வரேன்" என்றார்.

நான் மாத்திரை என்று எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 12, புதன்

5.55. எனக்கு முன்பே மச்சானின் கார் நிற்கிறது. கையில் பட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"ஆபரேஷன் நாள்ல அரை மாத்திரை போடுவேன். போட்டா நடுக்கம் நின்னுடும். ஞாயித்துக்கிழமை போட மாட்டேன். நீ பாத்தது போடாத கை. இன்னிக்கிப் போட்ட கையப் பாரு. நான் மட்டும் அடிக்கறேன். நீ எழுது."

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கி முன்னாடிலேர்ந்து. பட்டைய ஸ்விங்குக்கா வாங்கச் சொன்னேன்? ஆஸ்பத்திரியில கட்டிக்கினா சிஸ்டர் கேப்பாங்க. கோல்ஃபுக்குக் கட்டினா யாரு கேக்கப் போறா."

"எம்மேல போட்டீங்களே."

"போட்டேன். தப்புதான்."

நான் டீ விட்டதைச் சொன்னேன். சிரிக்க முயன்றார்.

இருபது அடி. பாய் தூரத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நின்றார், கிட்டே வரவில்லை. ஸ்விங் என்னவோ அழகாகத்தான் இருந்தது, மூன்றுக்கு ஒன்று, பட்டை சொல்கிறபடி. பந்தெல்லாம் நேராகப் போயின. 6.40க்கு முடிந்தது.

"படி" என்றார்.

படித்தேன். மணி, நிறம், மணி, நிறம். பத்திரிகையாளர் சந்திப்பில் அறிக்கை படிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல். இருபதில் சிவப்பு ஏழு. ஏழில் ஐந்து கடைசியில், கை களைத்த பிறகு.

"ஏழு" என்றார்.

"மாத்திரை போட்டும்."

"ஏழு." பட்டையைக் கழற்றினார். "இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆவல மாப்ள. ரெண்டு மாசமா கடைசிக் கேசுங்கள எங்க சின்ன டாக்டர் மலர்விழிகிட்ட குடுத்துட்டு வந்துடறேன். ஆவறதுக்கு முன்னாடி நிறுத்தணும்னு தெரியும். எந்த நாள்னுதான் தெரியல. வசந்தா கண்ண முடிச்சிட்டு நிறுத்தலாம்னு இருந்தேன்."

நோட்டை மூடினேன். பேச வேண்டியிருந்தது. கேள்வியாகத்தான் வந்தது.

"அது வசந்தா கண்ணா இல்லன்னா, நாளைக்கி பண்ணுவீங்களா மச்சான்?"

பட்டையை விரலில் சுற்றினார், பிரித்தார். 6.43லிருந்து 6.46. பிறகு போனை எடுத்தார்.

"சிஸ்டர், நாளைக்கி லிஸ்டு பூரா மலர்விழிக்கு மாத்துங்க. ஆமா, பூரா. தங்கச்சியும்தான்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "நாளைக்கி மட்டுமில்ல" என்றார்.

பாய் வந்தார். என்ன என்று கேட்கவில்லை. "பட்டையில்லாம ஒண்ணு அடிச்சிட்டுப் போங்க டாக்டரே" என்றார். அடித்தார். பந்து வேலிகாத்தானுக்குள் போய்விட்டது.

"இத்தனை நாள்ல இன்னிக்கிதான் என் ஆடுங்க பக்கம் அடிச்சிருக்கீங்க. தேடி எடுத்து வெக்கறேன். ஞாயித்துக்கிழமை வாங்க."

வ.விடம் தானே சொல்வதாக மச்சான் சொன்னார், ஆபரேஷன் முடிந்து கண் ஆறிய பிறகு. அதுவரை கழுத்து வலி என்று. நான் வாய் திறக்கக்கூடாது. ஒப்புக்கொண்டேன்.

மாலை. வ. போனை ஸ்பீக்கரில் போட்டுச் சண்டை. "ஊருக்கெல்லாம் பண்ண கழுத்து, என் முறை வரும்போது வலிக்குதா? முடியாது. தேதிய மாத்து." விடைத்தாள் ஞாபகம் வந்திருக்கும், குரல் இறங்கியது. "சரி, அந்தப் பொண்ணே பண்ணட்டும். நீ உள்ள வந்து என் கையப் புடிச்சிக்கினு நில்லு. கைக்கி ஒண்ணும் வலி இல்லியே?"

"இல்லம்மா" என்றார் மச்சான்.

அடுப்பை அணைக்க நான் உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வெயில். வாடகைக் கார், 6.30. வ. புதுப் புடவைதான்.

8.20 சொட்டு மருந்து. 8.50 மறுபடி. மலர்விழி டாக்டர் வந்து வணக்கம் சொன்னார். முப்பத்தைந்து இருக்கும், கையைப் பார்த்தேன், எல்லார் கையையும் பார்க்கிறேன் இப்போது. 9.35க்கு உள்ளே. மச்சான் பச்சை உடுப்பில் பின்னாலேயே போனார். கதவு மூடும்போது என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன். சுவரில் கண்ணின் படம். பாகங்களின் பெயர் எல்லாம் படித்தேன். இரண்டு முறை. 9.58க்கு ஸ்டெல்லா சிஸ்டர் வெளியே வந்து, "நல்லா முடிஞ்சிது சார்" என்றார். போகிறபோது என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

12.30க்கு அனுப்பினார்கள். பின் சீட்டில் வ., வலக்கண்ணில் மூடி. சொட்டு மருந்து அட்டவணை என் பையில். பரங்கிப்பேட்டை சாலை பிரியும் இடம் தாண்டியது. பிறகு சொன்னாள்.

"மூஞ்சி பூரா துணி போட்டு மூடிட்டாங்க. ஒண்ணும் தெரியல. அண்ணன் மட்டும் கைய விடவே இல்ல."

"நல்லது."

"அது கைதாங்க நடுங்கிக்கினே இருந்துது. கடைசி வரைக்கும். எத்தினி பேருக்குக் கத்தி புடிச்ச கையி. தங்கச்சின்னதும் பயந்துடுச்சி, இல்ல?"

ஆமாம் என்றேன். புதுச்சத்திரம் தாண்டியிருந்தோம். மணி பார்க்கவில்லை.